நூற்றுப் பன்னிரண்டு மார்க்

எனக்கு எந்த எண்ணும் பரீட்சை மார்க்தான். இதய ஸ்கேனுக்கும் அந்த நினைப்போடுதான் போனேன். தேதி குறித்த பிறகு கோவை ரேஸ்கோர்ஸில் வேகவேகமாக நடந்தேன். வருஷக்கணக்காக ரத்தக்குழாயில் படிந்த கால்சியம் நாலு நாள் நடையில் கரைந்துவிடுமாம்! நடை முடிந்ததும் நெய் ரோஸ்ட்.

காபி கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நிமிடத்துக்கு 65-க்குள் இதயம் துடித்தால்தான் சி.டி. ஆஞ்சியோ படம் கலங்காமல் வரும். "காபி குடிச்சீங்களாண்ணா?" என்றார் டெக்னீஷியன். "இல்லீங் தம்பி" என்றேன். மானிட்டர் 92 காட்டியது. பொய் சொன்ன படபடப்பில் இன்னும் ஏறியது. துடிப்பு அடங்க மாத்திரை கொடுத்து வெளியே உட்கார வைத்தார்கள். "ஃபில்டர் காபி கணக்குல வராதுன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் மனைவி.

சாய மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். நனைத்துக்கொண்டோமோ என்று சந்தேகம் வரும். பலருக்கும் வருவதுதான். நானோ தலைக்கு மேல் தூக்கியிருந்த கையை இறக்கித் தடவிப் பார்க்கப் போய்த் திட்டு வாங்கினேன்.

கால்சியம் ஸ்கோர் 112. "சாப்பிட்டப்புறம் பார்த்த சுகரா இருந்தா நார்மல்தானுங்க டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆர்தர் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் 1990-இல் வகுத்த கணக்கு இது. பூஜ்யம் நல்லது, 100 தாண்டினால் கவனம், 400 தாண்டினால் கவலை. பூஜ்யக்காரரும் ரொம்பத் துள்ள முடியாது. கால்சியம் ஏறாத மெத்தென்ற கொழுப்புப் படிவு இந்த எண்ணில் சிக்காது. (அகாட்ஸ்டன் பிற்பாடு டயட் புத்தகம் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். மார்க் போட்டவரே டியூஷனும் எடுத்தார்.)

ஆஞ்சியோவில் அடைப்பு பாதிக்கும் கீழே. ஸ்டென்ட் வேண்டாம், ஸ்டாட்டின் மாத்திரை போதும் என்றார் டாக்டர். அடுத்த வருஷம் மார்க்கைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். "குறையாதுங்க. மாத்திரை போட்டா படிவு கெட்டிப்பட்டு எண் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். அது நல்லதுக்குத்தான்." கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்றே தெரியாத பரீட்சையை எப்படி எழுதுவது? அந்தச் சாக்கில் மாத்திரைப் பட்டை பாதி நாள் மேஜை டிராயரிலேயே தூங்கியது.

பிறகுதான் ஒரு ஆய்வைப் படித்தேன். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலிக்காரர்கள் 4,146 பேரைத் தொடர்ந்து கவனித்து, ஐந்தாண்டு முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சோதனைகளோடு சி.டி. ஆஞ்சியோவும் எடுத்த அணியில் மாரடைப்போ இதயநோய் மரணமோ கண்டவர்கள் 2.3 சதவீதம், எடுக்காத அணியில் 3.9. படம் யாரையும் குணமாக்கவில்லை. படத்தைப் பார்த்துச் சரியான மாத்திரையைத் தொடங்கியதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். டிராயரைத் திறந்துவிட்டேன்.

இன்னொன்று. நெஞ்சு இப்போதே அழுத்துகிறதென்றால் ஸ்கேன் சென்டர் தேடாதீர்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உடனே சிகிச்சை தரும் முறையை, கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் மற்றவர்களும் தமிழ்நாட்டில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். காபி குடித்திருந்தாலும் பரவாயில்லை.