பொன்னாடைப் பட்டணம்

கொழும்பில் பொழுது போகவில்லையா? வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கைக்கு வாருங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து, காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பாதகமில்லை. அங்கே நடக்கும் நூல் வெளியீட்டு விழாவில் இன்னும் நாலு வாழ்த்துரை மிச்சமிருக்கும். என்வலப்பில் காசை வைத்துக் கொடுத்து, மேடையேறிச் சிறப்புப் பிரதி வாங்கிப் படத்துக்கு நின்றால் நீங்களும் பிரமுகர்தான். புத்தகத்தை வாசிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

நக்கல் இருக்கட்டும். தொடர்மாடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று மூன்று வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. கடைசியில் அறிமுகமானது இங்கேதான், பற்றீஸ் வரிசையில். நானும் அவரும் வந்தது இலக்கியத்துக்காகத்தான். அப்படித்தான் இருவரும் சொல்லிக்கொண்டோம்.