திராட்சைத் தோலின் ரகசியம்: கேள்வி-பதில்

கேள்வி: சிவப்பு ஒயின் கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, உண்மையா? (கம்பம் வாசகர்)

பதில்: ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் உண்மை. குடித்தால் உடம்புக்குள்ளும் அப்படியே கொல்லும் என்பதற்குச் சான்று இல்லை. குழாய்க்கு நோய் வராது, மனிதனுக்குத்தான் வரும். அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

கேள்வி: கொல்வது அதிலுள்ள ஆல்கஹால்தானே? (மதுரை மாணவர்)

பதில்: கைக்குப் பூசும் சானிடைசரில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் வேண்டும். ஒயினில் இருப்பதோ 12, 13. அவ்வளவு சொற்பமான ஆல்கஹாலை மட்டும் நம்பிக் கிருமிகள் மேல் போர் தொடுக்க முடியாது. 1950களில் பிரான்சின் பொர்தோ நகரில் ஜாக் மஸ்கெலியே என்ற ஆய்வாளர் சிவப்பு ஒயினின் நிறப்பொருள்கள் பக்கம் கையைக் காட்டினார். 2007இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தார், வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளைக் கொல்வதில் ஒயினிலுள்ள புளிப்பு அமிலங்களுக்கே பெரும்பங்கு என்று கண்டார்கள். ஆக, இது புளிப்பும் நிறப்பொருளும் திராட்சைத் தோலின் துவர்ப்பும் கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்ந்த கூட்டணி.

கேள்வி: அந்தத் துவர்ப்பு எப்படிக் கிருமியை எதிர்க்கிறது? (கும்பகோணம் வாசகி)

பதில்: வாழைக்காய் நறுக்கிய விரலைப் பாருங்கள், கடுக்காயை மென்ற நாக்கைக் கேளுங்கள். டானின் என்பது நம் அறுசுவையில் ஒன்றான துவர்ப்புதான். புரதம் கண்ணில் பட்டால் விடாமல் பிடித்துக்கொள்வது அதன் குணம். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு சொரசொரக்கிறது. கிருமியின் மேற்பரப்பிலும் புரதம் உண்டு. அதை வைத்துத்தான் கிருமி பல்லிலோ குடலிலோ ஒட்டுகிறது. டானின் போய் அதை மூடிவிட்டால் கிருமிக்குப் பிடிமானம் போய்விடும். கொல்லாமலேயே குடியேற விடாமல் தடுக்கும் வித்தை இது.

கேள்வி: திராட்சைக்கு நம் ஆரோக்கியத்தில் ஏன் இவ்வளவு அக்கறை? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அதற்குத் தன் ஆரோக்கியத்தில்தான் அக்கறை. சாம்பல் பூஞ்சை தாக்கினால் கொடியால் எழுந்து ஓட முடியாது. நின்ற இடத்திலேயே ரசாயன ஆயுதம் செய்கிறது. அந்த ஆயுதங்களில் ஒன்றுதான் ரெஸ்வெரட்ரால். 1939இல் ஜப்பானில் மிச்சியோ தகாவோகா என்ற ஆய்வாளர் அதை வேறொரு செடியின் வேரிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார். 1976இல் திராட்சைக் கொடியிலும் 1992இல் ஒயினிலும் அது கண்டறியப்பட்டது. பழத்தில் அது பெரும்பாலும் தோலில் இருக்கிறது. எதிரி வந்து மோதும் இடத்தில்தானே காவல் நிற்கும்!

கேள்வி: வெள்ளை ஒயினில் அது கிடையாதா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: மிகக் குறைவு. சிவப்பு ஒயின் தோலோடு நொதிக்கிறது. வெள்ளையில் சாற்றைப் பிழிந்து, தோலை ஒதுக்கிவிட்டு நொதிக்க வைக்கிறார்கள். காவலரை வாசலிலேயே அனுப்பிவிட்ட வீடு அது.

கேள்வி: பைபிளில் நல்ல சமாரியன் காயத்தில் ஒயின் ஊற்றினானே, அது சரியான வைத்தியமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: அந்தக் காலத்துக்கு மிகச் சரி. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் மரபும் புண்ணை ஒயினால் நனைக்கச் சொன்னது. பெர்கமோன் நகரில் வாள்வீரர்களின் காயங்களுக்கு வைத்தியர் காலென் ஒயின் நனைத்த துணி வைத்துக் கட்டினார். கிருமி என்ற சொல்லையே அறியாத காலத்தில், அனுபவத்தால் கண்ட உண்மை அது. ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் அதைக் காயத்தின் மேல் ஊற்றினார்கள். இன்று நமக்குக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றன. அதுவே போதும், ஆழமான காயமென்றால் ஆஸ்பத்திரி.

கேள்வி: பல் சொத்தைக்கு ஒயின் நல்லதா? (சேலம் வாசகர்)

பதில்: ஆய்வு நல்ல செய்தி சொல்கிறது, ஒயின் சொல்லவில்லை. பாவியா குழுவினர் 2010இல் ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயினை வைத்தே, சொத்தைக் கிருமி பல்லில் ஒட்டாமல் தடுக்க முடியும் என்று காட்டினார்கள். பலன் தந்தது அதிலிருந்த டானின் வகைப் பொருள். நாளை அது பற்பசையாகவோ வாய் கொப்பளிக்கும் நீராகவோ வரலாம். ஒயினை அப்படியே குடித்தால் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும், நிறம் கறையாகும்.

கேள்வி: ரெஸ்வெரட்ரால் பலன் தர எத்தனை கோப்பை குடிக்க வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் சுமார் 2 மில்லிகிராம் இருக்கிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம், அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 500க்கு 250 லிட்டர், அதாவது 333 பாட்டில். அதைக் குடிக்கத் தொடங்கியவர் முடிக்க மாட்டார். மாத்திரையாக விழுங்கினாலும் குடலும் கல்லீரலும் சேர்ந்து அதை வேகமாக உருமாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் அசல் வடிவில் மிஞ்சுவது மிகச் சொற்பம். அதனால்தான் ஆய்வாளர்கள் பருக்களுக்குத் தோலில் பூசும் ஜெல் போன்ற வழிகளில் கவனம் வைக்கிறார்கள்.

கேள்வி: இந்த டானின் குடும்பத்திலிருந்து இதுவரை நிஜமான மருந்து ஏதாவது வந்திருக்கிறதா? (திருச்சி மாணவி)

பதில்: வந்திருக்கிறது. டிராகன் ரத்தம் என்று அழைக்கப்படும் தென் அமெரிக்க மரத்தின் சிவப்புப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமர், ஒயின் டானினுக்கு நெருங்கிய உறவு. எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களின் வயிற்றுப்போக்குக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் அனுமதி கொடுத்தது. அது கிருமியைக் கொல்வதில்லை. குடலில் குளோரைடு வெளியேறும் வாய்க்காலை அடைத்து, அதன் பின்னால் நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. பொருளைப் பிரித்து, அளவை நிர்ணயித்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகே அது மருந்து என்ற பெயரைச் சம்பாதித்தது.

கேள்வி: ஒயின் வேண்டாம், ரெஸ்வெரட்ரால் வேண்டும். வழி உண்டா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: அவித்த வேர்க்கடலை! வறுத்ததைவிட அவித்ததில் அது அதிகம். அளவு சிறிதுதான், ஆனால் கூடவே புரதமும் நார்ச்சத்தும் வருகின்றன. கறுப்பு திராட்சையைத் தோலோடு மெல்லுங்கள். நாக்கை ஊதாவாக்கும் நாவல் பழத்திலும் திராட்சைத் தோலின் நிறப்பொருள் குடும்பமே குடியிருக்கிறது.

கேள்வி: ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக இந்தச் செடிப் பொருள்களைப் பயன்படுத்தலாமா? (வேலூர் வாசகி)

பதில்: கூடவே கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் செடிகளின் பழைய ஆயுதங்களை விஞ்ஞானிகள் புதுக் கண்ணோடு பார்க்கிறார்கள். அந்தத் தேடலை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் தேடல் முடியும் முன்னே சிகிச்சையை மாற்றுவது உயிரோடு விளையாடுவது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரெஸ்வெரட்ரால், திராட்சை விதை மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் "இது மருந்து" என்று சொல்லி தினமும் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கிறார். என்ன பதில் சொல்ல? (சென்னை வாசகி)

பதில்: சகோதரி, அவர் நம்பும் மருந்து ஒயின் ஆவதற்கு முன்பே தோலில் இருந்தது. நொதித்ததில் புதிதாகச் சேர்ந்தது ஆல்கஹால். அதை 1988லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. நாளை சாயங்காலம் அந்த கிளாஸை நன்றாகக் கழுவி, அது நிறையக் கறுப்பு திராட்சை போட்டு அவர் கையில் கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.