எத்தாளையில் ‘வாறன்’ என்னும் மறுமொழி: பிங் வழி ஓர் ஆய்வு

கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே கடல், நடுவே மணலும் தென்னையும் வெங்காயப் பாத்தியுமாய்க் கிடக்கும் இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் எத்தாளை என்றோர் ஊர் உண்டு. அங்கே ஓர் உம்மா வேலியோரம் நின்று “மகன்!” என்று கூப்பிடுகிறார். தோட்டத்துக்கு அப்பால் இருந்து “வாறன்” என்று குரல் வருகிறது. இரண்டுக்கும் இடையில் கழிந்த நேரம் எவ்வளவு? அக்குரலால் நிறுவப்படுவது என்ன? குரலே வராவிட்டால் என்ன முடிவுக்கு வரலாம்? தமிழாய்வுலகம் இவ்வினாக்களைத் தொட்டதாகத் தெரியவில்லை. கணினி வலையமைப்புக்காரர்களோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. அவர்களுடைய கருவியை இந்த வேலியோரத்துக்குக் கொண்டுவருவதே நம் பணி.

கருவியின் பெயர் பிங். 1983 டிசெம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறிகணை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், வலையமைப்பு ஒன்று முரண்டு பிடிக்க, ஒரே மாலையில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலுக்குள் ஒலியனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும்போது கேட்கும் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். 1981 செப்டெம்பரில் வெளியான ஆர்எஃப்சி 792 என்னும் ஆவணம் இதற்கான இலக்கணத்தை முன்பே வகுத்திருந்தது: எட்டாம் வகைச் செய்தி “இருக்கிறாயா?” என்று கேட்கும், சுழியம் வகைச் செய்தி “இருக்கிறேன்” என்று சொல்லும். இச்செய்தியைச் சுமந்து போன பொட்டலம் திரும்பிவர எடுத்த நேரம் தாமதம். திரும்பாதவற்றின் விழுக்காடு இழப்பு. ஆலங்குடாக் கரைக்கு அப்பால் நவம்பர் தொடங்கித் துள்ளித் திரியும் டொல்பின்கள் இதே எதிரொலி வேலையை எந்த ஆவணமும் இல்லாமல் செய்துவருகின்றன. அவற்றைப் பார்க்கப் படகுக்குக் காசு கொடுப்பவர்களுக்கு இது சொல்லப்படுவதில்லை.

தொல்காப்பியத்தின் விளிமரபு, தொலைவில் உள்ளவரை அழைக்கும்போது பெயரின் ஓசை தன் மாத்திரை அளவைக் கடந்து நீளும் என்கிறது. இதைக் கொண்டு தொல்காப்பியர் பிங் அறிந்திருந்தார் என்று நிறுவ ஆர்வலர் பலர் முன்வருவர். நான் அவர்களோடு சேர மாட்டேன். பிங் பொட்டலம் பக்கத்து அறைக்கும் பசிபிக் கடலுக்கு அப்பாலும் ஒரே அளவில்தான் போகிறது. லினக்ஸில் வழக்கமாக 64 பைட்டு. எத்தாளை உம்மாவோ களப்புப் பக்கம் என்றால் “மகஅஅஅன்” என்கிறார். இந்த இடத்தில் அவர் மூஸின் வழியில் இல்லை, தொல்காப்பியர் வழியில் நிற்கிறார்.

இனித் தாமதம். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். ஆகவே 170 மீற்றர் தள்ளி நிற்கும் மகனிடம் குரல் போய்த் திரும்பவே ஒரு விநாடி சரியாகிவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளி அதே ஒரு விநாடியில் ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர், அதாவது உலகை ஐந்து சுற்றுச் சுற்றும் தூரம், ஓடிவிடுகிறது. ஆர்தர் சி. கிளார்க், இலங்கைக்குக் குடிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1945இல் எழுதிவைத்த அந்த 36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதி வழியாக ஒரு பிங் போய்வர அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கணக்குப் போட்டால், 80 மீற்றரில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் விண்வெளிச் செய்மதியும் உம்மாவுக்கு ஒரே தொலைவுதான். இது பயணத் தாமதம் மட்டும். மகன் துடுப்போடு நிற்கும்போது கூப்பிட்டால் அந்த ஓவர் முடியும்வரை அழைப்பு வரிசையில் கிடக்கும். ரவுட்டர்களிலும் நெரிசல் நேரத்தில் இதுவே நடக்கிறது. அத்தகைய நேரங்களில் தாமதத்தின் பெரும்பங்கு தூரத்தால் அன்றி இந்தக் காத்திருப்பால் வரக்கூடும் என்பது இரு துறைக்கும் பொது.

பொட்டல இழப்பில்தான் ஆய்வு சூடுபிடிக்கிறது. சோழகம் அடிக்கும் மாதங்களில் கடற்பக்கத்து வீட்டு உம்மாவின் குரலைக் காற்றே தூக்கிக் களப்புப் பக்கம் சேர்த்துவிடும். மகனின் பதில் எதிர்க்காற்றில் ஏறி வரவேண்டும். போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றல்ல. பிங்குக்கோ இது தெரியாது. பதில் வரவில்லை என்று மட்டும் சொல்லும். கேள்வி வழியில் தொலைந்ததா, பதில் தொலைந்ததா என்று சொல்லாது. உலகத்து வலையமைப்புப் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த ஓட்டையை எத்தாளைப் பிள்ளைகள் முழுமையாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு மணற்காலோடு முற்றத்தில் வந்து நிற்கும் மகனுக்கு இரண்டு வாதங்கள் கையிருப்பில் உண்டு.

“எனக்குக் கேக்கல்ல உம்மா.”

இது கேள்வி தொலைந்தது என்னும் வாதம். அது எடுபடாதபோது:

“வாறன் எண்டு சொன்னனே. உங்களுக்குத்தான் கேக்கல்ல.”

இது பதில் தொலைந்தது என்னும் வாதம். தனித்தனியே எதையும் பொய்யென்று நிறுவ வழியில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவன் மட்டுமே அகப்படுகிறான். அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

முகவரிச் சிக்கலும் உண்டு. “மகன்” என்பது ஊருக்கே பொதுவான முகவரி. மைதானத்தில் நிற்கும் அத்தனை பேரும் யாரோ ஒருவருக்கு மகன். இத்தகைய பொது முகவரிக்குப் பிங் அனுப்பி, ஒரு வலையமைப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வைத்துப் பாவப்பட்ட ஒருவரைத் திணறடிக்கும் தாக்குதல்கள் 1990களின் இறுதியில் மலிந்தன. அதனால் 1999இல் விதியே மாற்றப்பட்டது. இன்று பொது அழைப்புக்குப் பெரும்பாலான கணினிகள் வாய் திறப்பதில்லை. மைதானத்துப் பிள்ளைகளும் திறப்பதில்லை.

கைபேசி வந்தபின் இந்நாட்டு மக்கள் பிங்கை இன்னும் ஒரு படி செம்மையாக்கினார்கள். ரிங் கட் என்பது அதன் பெயர். ஒரு முறை அடிக்கவிட்டு வெட்டுவது. ரீலோட் கரையாது, உள்ளே ஒரு பைட்டும் இல்லை, ஆனால் “வந்து சேர்ந்திட்டன்” என்பதிலிருந்து “காசிருந்தா நீ எடு” என்பது வரை அனைத்தும் அதில் அடக்கம்.

இப்போது நம் மையக் கருதுகோள். பிங்குக்குப் பதில் வந்தால் அந்தக் கணினியில் மின்சாரம் இருக்கிறது, கம்பி இணைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அதன் இணையச் சேவை செத்துக் கிடந்தாலும் பிங்குக்கு அது உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். “வாறன்” என்பதும் இவ்வகைப் பதிலே. மகன் உயிரோடும் குரலோடும் இருக்கிறான் என்பதற்கு அது சான்று. வருகிறான் என்பதற்குச் சான்றன்று. இதன் மறுதலையும் உண்மை. பாதுகாப்புச் சுவர் வைத்துப் பிங்கைத் தடுத்துவிட்ட கணினிகள், எவ்வளவு கூப்பிட்டாலும் பேசாமல், உள்ளே செம்மையாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் வாலிப வயது நானா ஒருவர் இந்த நிலையில் கட்டிலில் கிடப்பார். தேர்ந்த நிர்வாகி இவரைப் பிங் செய்து நேரத்தை வீணாக்குவதில்லை. நேரே திறந்திருக்கும் வாயிலில் தட்டுவார். “சோறு ஆறுது” என்ற ஒற்றைச் சொற்றொடருக்கு அதிகபட்சத் தாமதம் நான்கைந்து விநாடி. இழப்பு இல்லை.

கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரு பொட்டலம் தவறியதற்காக நள்ளிரவில் பொறியாளரை எழுப்புவதில்லை. தொடர்ந்து சில தவறினால்தான் மணியடிக்கும். உம்மாவும் முதல் மௌனத்தைக் காற்றின்மேல் போடுகிறார். மூன்றாவதற்குப் பிறகு “வாப்பாட்ட சொல்றன்” என்று வழக்கு மேலிடத்துக்குப் போகிறது. அதுவரை காற்று அடித்துச் சென்ற குரல் இப்போது எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

நம்பகத்தன்மை பற்றியும் ஒரு குறிப்பு. எத்தாளைக்குத் தெற்கே, அதே குடாநாட்டில், 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று, நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன. மின்சாரமில்லா வீட்டு ரவுட்டர்களுக்கு அன்று இழப்பு 100 விழுக்காடு. வேலியோரச் சேவைக்குக் குரங்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான்: இருப்பை அறிய “மகன்!” போதும், வரவை அறியச் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும். மறுப்புரை உள்ளவர்கள் எனக்கு ஒரு ரிங் கட் தரலாம். நான் திருப்பி எடுக்காவிட்டால் இணைப்பில் கோளாறு என்று மட்டும் முடிவு கட்டிவிட வேண்டாம்.