பந்தி மிச்சமும் பசுவின் வயிறும்

கேள்வி: கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்குப் போடுவது புண்ணியம்தானே?

பதில்: போடுபவருக்குப் புண்ணியம், மாட்டுக்குப் பாவம். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. மாடு தின்பது முதலில் அவற்றுக்காகத்தான். அங்கே அமில-கார அளவு ஏறக்குறைய 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர், அதுவும் நாளுக்கு 100 லிட்டர் அளவில், அதைக் காக்கிறது. சோறோ பொங்கலோ மொத்தமாக உள்ளே போனால் மாவுச்சத்து வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். அமில-கார அளவு 5-க்கும் கீழே சரியும். அசைபோடுவது நிற்கும், கழிச்சல் வரும், மாடு படுத்துவிடும். சில மாடுகள் எழுவதே இல்லை. வைக்கோல், பசுந்தீவனம், தாது உப்பு, தண்ணீர், பாலுக்கேற்ற அடர்தீவனம் போதும். புண்ணியம் தேடுவோர் ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுக்கலாம். அதில் புரதமும் உண்டு.