தட்டும் சின்னமும்: கட்சி மாறாதவர்கள் பற்றி ஒரு சிறு நூல்

இலக்கணம்

கட்சி விசுவாசம் என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஜெயிக்கிற பக்கம் ஓட்டுப் போடுவது விசுவாசம் ஆகாது. அது காற்றுள்ளபோது தூற்றிக்கொள்வது. பதவியோ காண்ட்ராக்டோ வாங்கியவர் தந்த கட்சியில் இருப்பதும் ஆகாது, அது பிழைப்பு. தோற்கப்போகிறது என்று தெரிந்த தேர்தலிலும், தன் வீட்டுக்கு ஒன்றும் வராது என்று தெரிந்தும், ஒரே சின்னத்தைத் தேடிப் பிடித்துப் பட்டனை அமுக்குகிறவரிடம் இருக்கிறதே, அதுதான் விசுவாசம். கூட்டணிக்காக வேறு சின்னத்தில் குத்தச் சொல்லித் தலைமை கேட்டுக்கொண்டால் மனசில்லாமல் குத்திவிட்டு, அடுத்த தேர்தலில் பழைய இடத்துக்கே வந்து நிற்பவரும் இந்த இலக்கணத்துக்குள் வருவார்.

எங்கள் புதியம்புத்தூரில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஊர் இருப்பது ஒட்டப்பிடாரம் தொகுதியில். 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்கு 65,071 வாக்கு. எதிரில் நின்ற புதிய தமிழகம் கிருஷ்ணசாமிக்கு 64,578. வித்தியாசம் 493. அதே தேர்தலில் பக்கத்துக் கோவில்பட்டியில் வித்தியாசம் 428. கடைசி நேரத்தில் மனம் மாறிய சில நூறு பேர்தான் முடிவைத் தீர்மானித்தார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். என் பார்வை வேறு. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் அசையாமல் நின்றதால்தான் அந்தச் சில நூறு பேருக்கு அவ்வளவு மதிப்பு வந்தது. ஆராய வேண்டியது அசையாதவர்களை.

பழைய விடைகள் மூன்று

முதல் விடை, வாரிசு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் நால்வர் 1960ல் வெளியிட்ட 'அமெரிக்க வாக்காளர்' என்ற நூல், கட்சிப் பற்று பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்றது. மதம் வருவது போல, சாப்பாட்டு ருசி வருவது போல. நம் ஊரிலும் இதற்குச் சாட்சி ஏராளம். ஆனால் ஒரே வீட்டில் தகப்பன் ஒரு சின்னம், மகள் ஒரு சின்னம் என்று இருவருமே சாகும்வரை மாறாமல் நிற்பதை இந்த விடை விளக்காது.

இரண்டாவது விடை, சாதி. டீக்கடையில் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சாதிக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டப்பிடாரம் தனித்தொகுதி. நிற்கிற எல்லா வேட்பாளரும் பட்டியல் சாதியினர். மற்றச் சாதிக்காரர் எவருக்கும் தம் ஆள் என்று ஒரு வேட்பாளர் களத்தில் கிடையாது. அப்படியிருந்தும் அவர்களிடம் கட்சிப் பிடிப்பு இம்மியும் குறையக் காணோம். சாதி மட்டுமே வேர் என்றால், தனித்தொகுதியில் அது பட்டுப்போயிருக்க வேண்டும்.

மூன்றாவது விடை, லாபம். இதற்கு எதிர்ச்சாட்சி கோவில்பட்டியிலேயே இருக்கிறது. உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டதும் தமிழ்நாட்டு விவசாயிகள் திரண்டார்கள். 1972ல் கோயம்புத்தூர்ச் சாலைகளைக் கட்டை வண்டிகளால் நிறைத்தார்கள். மின் கட்டணத்துக்காகவும் கடன் தள்ளுபடிக்காகவும் அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டினார்கள். பின்னால் அவரே ஒரு கட்சி தொடங்கியபோது, அதே விவசாயிகள் தத்தம் பழைய சின்னத்துக்கே போனார்கள். அவர் 1984 டிசம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவே, கோவில்பட்டியில் காலமானார். ஊரே அழுதது. ஓட்டு மட்டும் அவர் பக்கம் வரவில்லை. லாபம்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது என்றால், இவ்வளவு நேரடியாக லாபம் கேட்டவர் பின்னால் ஓட்டும் போயிருக்க வேண்டாமா?

ஒரு தட்டு

புதியம்புத்தூர் தையல் ஊர். கவுன், பாவாடை, நைட்டி, சின்னப் பிள்ளைகளின் சட்டை என்று வீட்டுக்கு வீடு மெஷின் ஓடும். குட்டித் திருப்பூர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை. தீபாவளிக்கு முந்தின மாதங்களில் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் நடந்தாலும் ஓவர்லாக் சத்தம் கேட்கும்.

அப்படியொரு தையல் கூடத்தில் பிள்ளைகள் கவுனுக்குச் சுருக்கு வைத்துத் தைக்கிற ஒரு பெண்ணை எனக்கு நீண்ட நாளாகத் தெரியும். அவர் மெஷின் பலகையில் ஒரு பழைய அலுமினியத் தட்டு. அதில் பாபினும் கொக்கியும் பட்டனும் கிடக்கும். தட்டின் விளிம்பில், பாத்திரக்கடைக்காரர் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பேர் வெட்டியிருக்கிறார். முதலெழுத்து தேய்ந்துவிட்டது, மிச்சத்தை விரலால் தடவிப் படிக்கலாம். 2021 தேர்தல் முடிந்த சில நாளில் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பக்கமும் காசு தந்தாகளாமே தங்கச்சி?"

"தந்தாக. வாங்கினேன் அண்ணாச்சி, இல்லேன்னு சொல்லல. காசு வேற, ஓட்டு வேற."

"ஒரு தடவைகூட மாத்திப் போடலையா?"

"தொண்ணூத்தாறுலயே மாத்தல. எனக்கு அது மொத ஓட்டு. எல்லாரும் சொன்னாக, ரெட்டை இலை இந்தத் தடவ தேறாதுன்னு. தெரிஞ்சுதான் போட்டேன்."

1996ல் இரட்டை இலைக்குத் தமிழ்நாடு முழுக்கக் கிடைத்தது நான்கே இடம். பர்கூரில் கட்சித் தலைவியே தோற்றுப்போனார். அந்த அலையில் இவர் போட்ட ஓட்டு, வீண் என்று தெரிந்தே போட்ட ஓட்டு. ஏன் என்று கேட்டதற்கு அவர் பேச்சை நிறுத்தி, தட்டில் கிடந்த பட்டன்களை ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

"ரெண்டாப்பு படிக்கையில இத எடுத்துக்கிட்டு வரிசையில நின்னேன். அதுக்கு முன்னால மத்தியானம் மணி அடிச்சா வீட்டுக்கு ஓடி, கெடந்தா கஞ்சி, கெடக்கலேன்னா தண்ணி. அவ்வளவுதான்."

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982 ஜூலை 1. இந்தப் பெண்ணின் தகப்பனார் எட்டயபுரத்தில் படித்தவர். காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய இடம் அதே எட்டயபுரம், ஆண்டு 1956. தகப்பனார் கடைசி மூச்சு வரை காங்கிரஸ். வீடு ஒன்று, தட்டு இரண்டு. அதனால் சின்னமும் இரண்டு. மிச்சிகன் அறிஞர்களின் விடை தவறிய இடத்தில் இந்தத் தட்டு விடை சொல்கிறது.

இந்த நூலின் துணிபு இது: ஒருவருக்கு ஓட்டு இல்லாத காலத்தில் அவரைத் தேடி வந்தது எதுவோ, அதுவே ஓட்டு வந்த பிறகு விசுவாசமாக நிற்கிறது.

தடையும் விடையும்

தடை: அப்படியானால் சோறு போட்டு ஓட்டு வாங்கியதாகத்தானே ஆகிறது?

விடை: ஆகாது. ஏழு வயதுப் பிள்ளையின் தட்டில் விழுந்த சோறு ஓட்டாகத் திரும்ப இன்னும் பதினோரு வருஷமாவது ஆகும். அதற்குள் இரண்டு ஆட்சி மாறிவிடலாம். போட்டவர் உயிரோடு இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. எம்.ஜி.ஆர். 1987லேயே போய்விட்டார். வாங்கியவர் திருப்பித் தருவார் என்ற பிடிமானம் இல்லாமல் கொடுத்தது லஞ்சம் ஆகாது. தேர்தலுக்கு முந்தின ராத்திரி கதவைத் தட்டி வருகிற கவர் அதற்கு நேர் எதிர். அது ஓட்டு உள்ளவரை மட்டும் எண்ணிப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. வீட்டில் எத்தனை ஓட்டு என்றுதான் கேட்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்பதில்லை. வாங்குகிறவருக்கும் அது தெரியும். அதனால்தான் காசு வேறு, ஓட்டு வேறு என்று அவரால் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

தடை: அது அரசாங்கப் பணம். கட்சிக்கு அதில் என்ன பெருமை?

விடை: பணம் எல்லாருடையதும்தான். எங்கே கொண்டுபோய் அதை வைப்பது என்று முடிவெடுத்தவர் ஒருவர். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எல்லாருக்கும் சொந்தம் என்றாலும், தாகத்தில் கிடந்தவருக்கு மொண்டு கொடுத்த கை மறக்காது.

தடை: சத்துணவு சாப்பிட்ட எல்லாரும் ஒரே கட்சியில் இல்லையே?

விடை: இல்லைதான். வீட்டில் சோறு இருந்த பிள்ளைக்கு அது இன்னொரு வேளைச் சாப்பாடு. இல்லாத பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு. தவிரவும், தேடி வருவது எப்போதும் சோறாகவே இருக்க வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறையினர் புகுந்து தேவேந்திரர் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். உடைந்த பீரோவையும் சிதறிய தானியத்தையும் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சனங்களிடமும் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதிகாரத்தில் இருந்தவர்கள் கணக்கில் அன்று அவர்கள் ஓட்டில்லாதவர்களே. அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் கிருஷ்ணசாமி. மறு வருஷமே ஒட்டப்பிடாரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2011ல் திரும்பவும் அனுப்பியது. 2016ன் அந்த 64,578ல் கொடியங்குளத்தின் நினைவும் இருந்தது என்பது என் முடிபு.

தடை: விசுவாசம் ஆளிடமா, கட்சியிடமா, சின்னத்திடமா?

விடை: நன்றி ஆளிடம் பிறக்கிறது, சின்னத்தில் குடியேறுகிறது. இரட்டை இலை முதலில் களம் கண்டது 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில், மாயத்தேவருக்காக. 1989 ஜனவரியில் கட்சி பிளந்து சின்னம் முடங்கியபோது ஓட்டு சேவலுக்கும் இரட்டைப் புறாவுக்கும் சிதறி, தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. சின்னம் திரும்பக் கிடைத்ததும், அதே ஆண்டு நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38ஐ வாரியது. பத்தே மாதத்தில் சனங்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வீட்டு விலாசம் தெரியாமல் அலைந்தவர்களுக்கு விலாசம் கிடைத்துவிட்டது, அவ்வளவே.

கடல் கடந்தும்

இந்தத் துணிபு எங்கள் கரிசல் மண்ணுக்கு மட்டும்தானா என்று சோதிக்கக் கனடா நல்ல இடம். அங்கே கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக லிபரல் கட்சியை விடாமல் இருந்தது அறிஞர்களுக்கே பெரும் புதிர். தேர்தல் ஆய்வில் பேர்பெற்ற ஆந்த்ரே பிளே 2005ல் கூட இதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை என்றே எழுதினார். அந்தப் புதிரை அவிழ்க்க நான் ஆளில்லை. ஆனால் நம்மவர் கதை ஒன்று அங்கே உண்டு.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனியில், உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். மீனவர்கள் மீட்டுக் கரை சேர்த்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்ன குரல்களும் எழுந்தன. பிரதமர் பிரையன் மல்ரோனி அனுப்பவில்லை. அன்று அந்த 155 பேரில் ஒருவருக்கும் கனடாவில் ஓட்டுக் கிடையாது. ஓட்டில்லாதவரை ஏற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அதே மல்ரோனியின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி 1988ல் 169 இடம் வென்றது. அவர் விலகிய பிறகு, 1993ல், வென்றது 2. மேற்கு மாகாணத்தார் சீர்திருத்தக் கட்சிக்கும், கியூபெக்கார் தங்கள் மாகாணக் கட்சிக்கும் போய்விட்டார்கள். தங்களை யாரும் எண்ணவில்லை என்று இரண்டு பக்கமும் கசந்திருந்தது. விசுவாசத்துக்கும் ஆயுள் உண்டு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

தேய்வு

நமக்குப் பக்கத்துக் கணக்கு கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ்களும் லாயல் மில்லும் இருந்த ஊர். எளிமைக்குப் பேர்பெற்ற சோ. அழகர்சாமி இங்கே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காக 1967, 1971, 1977, 1980, 1989 என ஐந்து முறை வென்றார். கதிர் அரிவாள் 1996ல் தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தது, 2001ல் அ.தி.மு.க. கூட்டணியிலும் ஜெயித்தது, கூட்டணி மாறியும் சின்னம் நின்றது. 2006க்குப் பிறகு நிற்கவில்லை. கூலி உயர்வுக்கும் போனசுக்கும் கொடி பிடித்த தலைமுறை மூப்படைந்தது. குச்சி அடுக்கிய கைகள் செய்த வேலையை மெஷின் செய்யத் தொடங்கியது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு, ஓட்டில்லாத வயதில் செங்கொடி எதைக் கொண்டுவந்தது என்று கேட்டால், சொல்ல அவர்களிடம் கதை இல்லை. தாத்தாவின் கதையை மரியாதையோடு கேட்பார்கள். பட்டனை அமுக்கும்போது தன் கதைதான் நினைவுக்கு வரும்.

கரிசல் சம்சாரிக்கு இது தெரிந்த விஷயம். புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பான். புழுதி விதைப்பு என்று பேர். ஐப்பசி மழை வரும் என்று எவரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஒரு மழை உள்ளே இறங்கிவிட்டால், கரிசல் அந்த ஈரத்தை விடாமல் பிடித்து மாதக்கணக்கில் பயிரைக் காக்கும். ஆனால் உழாமல் போட்ட நிலத்தில் அது நடக்காது. நாலு வருஷம் தரிசாகக் கிடந்தால் சீமைக் கருவேலம் ஏறிவிடும். பிறகு வேரோடு தோண்டினாலும் லேசில் போகாது. கட்சி கைவிட்ட தெருவில் கவர் ஏறுவதும் அப்படித்தான்.

ஆகவே விசுவாசிகளைக் கண்மூடிகள் என்று ஏசுவதை நாம் நிறுத்த வேண்டும். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை; நீண்ட கணக்கு வைத்திருப்பவர்கள். விசுவாசிகள் குறைகிறார்கள் என்று வருந்துகிற கட்சிகள் இன்று யாருக்கு ஓட்டு இல்லையோ அவர்களைத் தேடிப் போகட்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிற வடமாநிலத் தொழிலாளி இருக்கிறார். முகாமில் பிறந்து முகாமிலேயே வளர்ந்த ஈழத்துப் பிள்ளை இருக்கிறது.

போன மாதம் அந்தத் தையல் கூடத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் தங்கை பேத்தி, அரசுப் பள்ளியில் ஒன்றாவது படிக்கிறவள், மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ரவா கிச்சடி என்றாள். 2022ல் மதுரையில் தொடங்கி, மறு வருஷம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் வந்த காலை உணவுத் திட்டம். அதைக் கொண்டுவந்தது பெரிய பாட்டி ஓட்டுப் போடாத கட்சி. பெரிய பாட்டி அதைக் கேட்டுக்கொண்டே நூல் கோத்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு சிவப்புப் பட்டனை எடுத்து, பொம்மைச் சட்டைக்கு வைத்துக்கொள் என்று அவள் கையில் கொடுத்தார்.