இரண்டாய்ப் போன வில்லன்

எங்கள் தருமபுரத்தில் ஒரு பொருளை உடைப்பதென்றால் அதற்குத் தலபுராணமே உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு இது தாயார் பிறந்த ஊர். இவர் வாசிக்கிற யாழால்தான் சம்பந்தர் பாட்டுக்கே பெருமை என்று உறவுக்காரர்கள் கொளுத்திப் போட்டுவிட்டார்கள். (உறவுக்காரர்கள் எந்த நூற்றாண்டிலும் உறவுக்காரர்கள்தான்.) பதறிப்போன பாணர், யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்டார். சம்பந்தர் பாடினார். விரல் திணறியது. யாழை உடைக்க ஓங்கிய பாணரைச் சம்பந்தரே தடுத்தார். அதனால்தான் இங்கே சுவாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர்.

அப்படிப்பட்ட ஊருக்கு 1988 கோடையில் பாரிஸிலிருந்து சித்தப்பா வந்து இறங்கினார். காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. பெட்டி திறக்கும் நேரத்துக்கு எதிர்வீட்டார் தீப்பெட்டி கடன் கேட்டு வருவதும் வழக்கம். எல்லோருக்கும் சென்ட், சோப்பு. எனக்கு மட்டும் ஒரு பொம்மை. பெயர் பிளாஸ்ட்-அட்டாக். மேட்டல் கம்பெனியின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்' வரிசையில் 1987-இல் வந்தவன். வில்லன் கோஷ்டி; மனிதனும் இல்லை, ஆண்ட்ராய்டு. "ஹீ-மேன் எங்கடா?" என்று சித்தப்பா பையனைக் கேட்டேன், முழித்தான். பிரான்ஸில் அந்தக் கதாநாயகன் பெயர் மஸ்க்ளோராம். பெயரே தெரியாத எதிரியோடு எப்படிச் சண்டை போடுவது?

பிளாஸ்ட்-அட்டாக்கிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. விசையைத் தட்டினால் உடம்பு நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து விழும். கதைப்படி அவன் நடமாடும் வெடிகுண்டு. வில்லனுக்கு இதெல்லாம் ஒரு சாமர்த்தியமா? எதிராளிக்கு ஒரு கீறல்கூட இல்லை, சேதாரம் முழுக்கச் சொந்தச் செலவில். ஆனாலும் அந்த 'டப்' சத்தம்! பிளப்பேன், பொருத்துவேன், மறுபடி பிளப்பேன்.

மறுநாள் திண்ணையில் அவன் இரண்டாகக் கிடந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"வெளிநாட்டுச் சாமானாம்! ஒரு ராத்திரி தாங்கல பாரு. உங்க தம்பி காதுல போட்டுடாதீங்க, மனசு நொந்துடுவாரு" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. நடுவில் பசை, மேலே இறுக்கிச் சுற்றிய பூக்கட்டும் நார். பசை காய்ந்ததும் நாரை அவிழ்த்தாள். விசையைத் தட்டினேன். அசைவில்லை. கால் கட்டைவிரலால் மிதித்தும் பார்த்தேன். ஒரே நாளில் திருந்தி, குடும்பஸ்தனாகியிருந்தான்.

2010-இல் 'எந்திரன்' பார்க்கப் போனோம். கடைசியில் ரோபோ சிட்டி தன்னைத்தானே கழற்றிப் போட்டுக்கொள்ளும் காட்சியில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. நான் பக்கத்து இருக்கையைத்தான் பார்த்தேன். அம்மா கையில் பசை இல்லை, நல்லவேளை.

யாழைக் காப்பாற்றச் சம்பந்தர் இருந்தார். பிளாஸ்ட்-அட்டாக்குக்கு ஆளில்லை. இந்த நவராத்திரிக்கும் கொலுவில் மூன்றாம் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறான். வருகிறவர்கள் அவனைத் துவாரபாலகர் என்று நினைத்துக்கொண்டு சுண்டல் வாங்கிப் போகிறார்கள்.