மர்க்கடம், மார்ஜாரம், மஹிந்திரா தார்

பழைய தார் ஒன்றை வாங்கப் புறப்படும் தமிழர் முதலில் முட்டிக்கொள்ளும் தத்துவச் சிக்கல் கியர் பற்றியது. கையால் போடுவதா, தானே விழுவதா? இதை மெக்கானிக்குகளின் விவகாரம் என்று அறிவுலகம் இதுகாறும் ஒதுக்கி வைத்திருப்பது வியப்பே. வைணவத்தில் இதே கேள்வி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்து, வடகலை தென்கலை எனப் பிரிந்து, காஞ்சிபுரத்தில் கோர்ட் படியேறியும் ஓயவில்லை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்ற வேண்டும். பிடி விட்டால் கீழே. இது மர்க்கட நியாயம், வடகலையார் கட்சி. பூனைக் குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாயே கவ்வித் தூக்கிப் போகும். இது மார்ஜார நியாயம், தென்கலையார் கட்சி. மேனுவல் குரங்கு, ஆட்டோமேட்டிக் பூனை. இவ்வளவு வெளிப்படையான பொருத்தத்தை ஆச்சாரியர்கள் சொல்லாமல் விட்டதற்கு, அவர்கள் காலத்தில் தார் இல்லை என்பது தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

தார் பிறந்தது 2010-இல். அதன் முதல் பத்தாண்டு முழுக்க மர்க்கட யுகம். அதற்கு முன்பே காட்டுப் பாதைகளை ஆண்ட மாருதி ஜிப்சியும் கடைசிவரை கையால் கியர் போட்டே காலந்தள்ளியது. 2020 அக்டோபர் 2 அன்று புதிய தார் வந்தபோதுதான் ஆறு கியர் மேனுவலோடு ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து வந்தது. (ஆகவே "2016 மாடல் தார், ஆட்டோமேட்டிக்" என்று யாரேனும் விளம்பரம் கொடுத்தால் அதைப் பாடபேதம் என்று மயங்க வேண்டாம், இடைச்செருகல்.)

புதிய தாரின் பெட்ரோல் எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றே: 2 லிட்டர், 150 குதிரைத்திறன். ஆனால் முறுக்கு விசை மேனுவலுக்கு 300 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 320. தன்முயற்சியைக் கைவிட்டவனுக்கு 20 நியூட்டன் மீட்டர் கூடுதல்! சரணாகதியின் பெருமையை எண்களில் எழுதிக் காட்டிய ஆவணம் இதற்கு முன் தென்கலையார் கைக்குக் கிட்டியிருக்காது.

கருணை உறையும் இடம் டார்க் கன்வெர்ட்டர். 1905-இல் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபட்டிங்கர் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழித்தோன்றல் அது. வண்டி கிளம்பும்போது எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே ஆயில்தான் தூது. எஞ்சின் பக்கத்து இறக்கைகள் ஆயிலை வாரி அடிக்க, அந்த வேகத்தில் எதிர்ப்பக்கத்து இறக்கைகள் சுழல்கின்றன. மணலில் இதன் அருமை தெரியும். மேனுவலில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்த மாத்திரத்தில் இழுவை அறுந்து, வண்டி சக்கரம் புதைய உட்கார்ந்துவிடும். பூனை கவ்விய வாயைத் திறக்காமலேயே கியரை மாற்றிக்கொள்ளும். செங்குத்தான இறக்கத்தில் குரங்கின் கை ஓங்குகிறது: லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, பெடல்களிலிருந்து கால்களை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். ஆயில் தூதர் அங்கே கொஞ்சம் நழுவுவார். பிரேக்கையும் தொடவேண்டி வரும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் சுற்றுலாப் பயணிகளை மேனுவல் ஜீப்பில் குலுக்கிக் கொண்டுபோகும் ஓட்டுநர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் ஆய்வே தேவைப்படாது.

இதுவரை சொன்னது புது வண்டிக்கும் பொருந்தும். பழைய வண்டியில் கேள்வியே வேறு: உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? இதற்குச் சைவ சித்தாந்தத்தின் அளவைகளான காண்டல், கருதல், உரை மூன்றையும் கடன் வாங்குவோம். வைணவ வாதத்தில் சைவ அளவையா என்பாருக்கு, பழைய வண்டி வாங்குமிடத்தில் எந்தத் தெய்வத்தையும் விட்டுவைக்க முடியாது என்பதே விடை.

உரை: "டாக்டரு ஓட்டுன வண்டிங்க. ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க வெளிய எடுப்பாரு" என்கிறார் கோவைத் தரகர். உரை அளவை செல்லுபடியாக, சொல்பவர் பொய் சொல்லக் காரணமற்ற ஆப்தராக இருக்க வேண்டும். கமிஷன் வாங்குபவர் ஆப்தரா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. தவிர, விற்பனைக்கு நிற்கும் வண்டியெல்லாம் டாக்டர் வண்டி என்றால், மற்றத் தொழில் செய்வோர் எதில்தான் போகிறார்கள்?

கருதல்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்பது தர்க்க நூலாரின் நெடுங்கால எடுத்துக்காட்டு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் இந்த அனுமானம் பிழைபடும். அங்கே புகை தெரிந்தால் யாரோ ஒருவர் அரைக் கிளட்சில் ஏறுகிறார். அதுபோல மீட்டர் 22,000 கிலோமீட்டர் காட்டி, கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது பழைய உரிமையாளர் பெடல்மேலேயே காலை வைத்து ஓய்வெடுத்திருக்கிறார். இரண்டும் நமக்கு ஆகாது. மேனுவலை வாங்குவது முன்னவரின் இடது காலை வாங்குவதே.

காண்டல்: ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுக. எஞ்சின் செத்தால் கிளட்ச் உயிரோடிருக்கிறது. எஞ்சின் கவலையின்றி ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் போய்விட்டது. ஆட்டோமேட்டிக்கில், வண்டி ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றுக. யோசித்துவிட்டு விழுந்தாலோ, முதுகில் அடித்ததுபோல் உதறினாலோ நல்லதில்லை. ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் விலகுக. ஆனால் புதிய பெட்டிகள் பலவற்றில் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் திறந்தால்தான் தரிசனம். அதற்குத் தரகர் சம்மதிப்பது அரிது.

இங்கேதான் என் கட்சி. மேனுவல் தன் பாவத்தைத் தானே சொல்லிவிடும். பரிகாரமும் உள்ளூர்ப் பட்டறையிலேயே உண்டு. ஆட்டோமேட்டிக்கின் பாவம் புலன்களுக்கு எட்டாதது. பெட்டியைப் பிரிக்கத் துணியும் பட்டறைகளும் குறைவு, கேட்கும் தொகையோ கிளட்ச் செட்டின் விலையைப் பல மடங்கு தாண்டும். ஆயில் மாற்றிய பில் உட்பட சர்வீஸ் வரலாறு முழுதும் கையில் இருந்தால் பூனையிடம் சரணடையலாம். வாய்மொழி மட்டுமே இருந்தால் குரங்கைப் பற்றுக. காட்டைவிட அவினாசி சாலை நெரிசலில்தானே வண்டி அதிகம் நிற்கும், ஆட்டோமேட்டிக்தானே சுகம் என்பது எதிர்க்கட்சி வாதம். இந்தத் தார்களில் பல ஏறிய ஆகக் கரடான மலை ஒரு மாலின் பார்க்கிங் சரிவுதான் என்பதால், வாதத்தில் உண்மை உண்டு. பில் மட்டும் இல்லை.

ஒழிபு. 2023 ஜனவரி முதல் பின்சக்கரம் மட்டும் தள்ளும் தாரும் உண்டு. ஃபோர் பை ஃபோர் லீவர் இருக்கிறதா, இருந்தால் லோவில் விழுகிறதா என்று பார்க்க. மாலைத் தாண்டாத வண்டியில் அது அசைக்கப்படாமலேயே இறுகியிருக்கலாம். பேட்டரி இறங்கினால் மேனுவலை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்; ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினால் வியர்வைதான். புதிய தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்பது கம்பெனி கணக்கு. 2023 டிசம்பரில் சென்னைத் தெருக்கள் சில இந்தக் கணக்கைப் படிக்கவில்லை. அந்த ஊர்ப் பதிவெண் என்றால் ஆயிலைத் திறந்து பார்க்காமல் பேச்சைத் தொடங்க வேண்டாம். ஆட்டோமேட்டிக்கின் சிவப்பு ஆயிலில் தண்ணீர் கலந்தால் ரோஸ் மில்க் நிறத்துக்கு வரும். அந்த நிறம் கண்ணில் பட்டால், தரகர் விலையில் எவ்வளவு இறங்கி வந்தாலும், அவர் வாங்கித் தந்த டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வருக.